கதிரை அளந்து தரும் படிப்பு

கதிர்வீச்சு பயன்படும் மருத்துவமனையில் ஓர் எண்ணுக்கு யாராவது பொறுப்பேற்றாக வேண்டும். நோயாளியின் உடலில், எந்த இடத்தில், எவ்வளவு கதிர் இறங்கியது என்கிற எண் அது. எவ்வளவு தர வேண்டும் என்று முடிவு செய்பவர் புற்றுநோய் மருத்துவர். நோயாளியைப் படுக்க வைத்து இயந்திரத்தை இயக்குபவர் தொழில்நுட்பர். மருத்துவர் எழுதிய அளவும் உடலில் இறங்கும் அளவும் ஒன்றுதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர் மருத்துவ இயற்பியலாளர். மருத்துவமனைப் பேச்சில் ‘பிசிசிஸ்ட்’. இவரை உருவாக்கும் பல்கலைக்கழகப் படிப்புதான் மருத்துவ இயற்பியல். சில இடங்களில் கதிரியல் இயற்பியல் என்ற பெயரிலும் நடக்கிறது.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்த மாணவர் பி.எட்., வங்கித் தேர்வு, ஐ.டி. வேலை என்று யோசிக்கும்போது இந்தப் பாதை பெரும்பாலும் அவர் கண்ணில் படுவதில்லை. நீட் தேர்வு எழுதாமலே நோயாளியின் சிகிச்சையில் நேரடிப் பங்கு பெறக்கூடிய வழிகளில் இது ஒன்று. சிகிச்சை பெறுபவர்களுக்கோ இப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. தமிழ்நாட்டில் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள்; அந்தக் கரண்டை அளந்து வைத்தவர் கீழ்த்தளத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தத் துறையின் தொடக்கம் 1895 நவம்பர் 8. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்ட நாள் அது. செய்தி வெளியான சில வாரங்களிலேயே எலும்பு முறிவைப் படம் பிடிக்க மருத்துவர்கள் அதைக் கையில் எடுத்துவிட்டார்கள். 1898-இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தார்கள். மேரி கியூரி பிறந்த நவம்பர் 7-ஆம் தேதியைத்தான் உலகெங்கும் மருத்துவ இயற்பியல் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இயற்பியலாளர் ஒருவர் மருத்துவமனைக்குள் நடமாடினால் என்ன நடக்கும் என்பதற்கு ஆலன் கார்மாக் நல்ல உதாரணம். 1956-இல் கேப்டவுன் நகரின் குரூட் ஷூர் மருத்துவமனையில் இயற்பியலாளர் பணியிடம் காலியானது. கதிரியக்கப் பொருட்களைக் கையாளும் இடத்தில் தகுதியுள்ள இயற்பியலாளர் மேற்பார்வை வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். ஆகவே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த கார்மாக், வாரத்தில் ஒன்றரை நாள் மருத்துவமனைக்குப் போய்வர ஒப்புக்கொண்டார். அங்கே கதிர் சிகிச்சைக்குக் கணக்குப் போட்ட விதம் அவரை உறுத்தியது. எலும்பு, தசை, காற்று நிரம்பிய நுரையீரல் என்று உடல் பலவிதமாக இருக்க, எல்லாவற்றையும் ஒரே பொருளாக வைத்துக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். உடலுக்குள் எங்கே எவ்வளவு கதிர் உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியிலிருந்தே கண்டறிய முடியுமா என்று யோசித்தார். அந்த யோசனையின் முடிவுதான் சி.டி. ஸ்கேனுக்கு அடிப்படையான கணிதம். இங்கிலாந்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் தனியாக அந்த இயந்திரத்தையே கட்டி முடித்தார். 1979-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்து கிடைத்தது. இருவருமே மருத்துவம் படித்தவர்கள் இல்லை.

இந்தியாவில் இந்தத் துறை வேரூன்றியதில் சென்னைக்குப் பங்கு உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1957-இலேயே கோபால்ட்-60 சிகிச்சை இயந்திரம் வந்துவிட்டது. இயந்திரம் வந்தால் அதை அளக்க ஆள் வேண்டும். மும்பையின் ட்ராம்பேயில், பின்னாளில் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்ற நிறுவனத்தில், 1962-இல் கதிரியல் இயற்பியல் பட்டயப் படிப்பு தொடங்கியது. நாட்டின் மூத்த பிசிசிஸ்டுகளில் பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள்தான்.

இன்று இந்தியாவில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலில் சேரலாம். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டவர் பாபா மையத்தின் பட்டயப் படிப்புக்கோ அதைப் போன்ற வேறொரு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கோ விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆகியவை இந்தத் துறையில் நெடுநாள் பெயர் உள்ளவை. எந்த வழியில் வந்தாலும் பட்டப்படிப்பில் இயற்பியல் முதன்மைப் பாடமாக இருந்திருக்க வேண்டும். ரேடியோகிராபி, ரேடியோதெரபி தொழில்நுட்பம் ஆகிய பட்டங்கள் நல்ல வேலை தரும் படிப்புகள்தான். ஆனால் அவை வேறு பாதை. மூன்று ஆண்டு ரேடியோகிராபி படித்தபின் பிசிசிஸ்ட் ஆகலாம் என்று நினைத்துச் சேர்ந்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் பருவத்தில் மாணவர் சந்திக்கும் பாடங்களில் பாதி அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றும்: அணுக்கரு, ஒளிமின் விளைவு, காம்ப்டன் சிதறல், அரை ஆயுள். பி.எஸ்சி. தேர்வில் காம்ப்டன் சிதறல் என்றால் சமன்பாட்டை வருவித்துப் பத்து மதிப்பெண் வாங்குவதோடு முடிந்தது. இங்கே அதே சிதறலைக் கொண்டு, நெஞ்சு எக்ஸ்ரேயில் விலா எலும்பு வெளேரென்று தெரிவதும் உயர் ஆற்றல் சிகிச்சைக் கதிரில் எடுத்த படத்தில் அதே எலும்பு மங்கிப்போவதும் ஏன் என்று விளக்க வேண்டும். குறைந்த ஆற்றலில் கதிர் உறிஞ்சப்படுவது பொருளின் அணு எண்ணைப் பொறுத்துக் கடுமையாக மாறுகிறது. கால்சியம் உள்ள எலும்பு தசையைவிட அதிகம் உறிஞ்சுகிறது. சிகிச்சைக்கான உயர் ஆற்றலில் காம்ப்டன் சிதறலே ஆட்சி செய்வதால் அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. இத்துடன் உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், மின்னணுவியல் பாடங்களும் உண்டு. இயற்பியல் மாணவர்கள் திணறுவது பெரும்பாலும் உடற்கூறியலில்தான். சி.டி. படத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி எது, நிணநீர்க் கணு எது என்று அடையாளம் காணத் தெரியாதவர் பிறகு சிகிச்சைத் திட்டம் போட முடியாது.

படிப்பின் இதயம் டோசிமெட்ரி எனப்படும் அளவியல். இங்கே அடிப்படை அலகு கிரே. ஒரு கிலோகிராம் பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. இது எவ்வளவு சின்ன ஆற்றல் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். உடல் முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே வாங்கியவருக்கு, சிகிச்சை இல்லாவிட்டால், பிழைப்பதற்கும் சாவதற்கும் ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு. அந்த 4 கிரே உடலின் வெப்பநிலையை உயர்த்துவதோ ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். கை வைத்தால் தெரியாது, தெர்மாமீட்டரிலும் தெரியாது. உடலைக் கொல்வது வெப்பம் இல்லை. அந்தச் சிறு ஆற்றல் டி.என்.ஏ. இழைகளை அறுக்கும் விதம்தான். புலனுக்குச் சிக்காத ஒன்றை நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற துல்லியத்துக்குள் அளக்கக் கற்பதே இந்த மாணவரின் முதல் வேலை.

அளக்கும் கருவி பார்வைக்கு எளியது. விரல் பருமன்கூட இல்லாத அயனிக் கலம். ஃபார்மர் சேம்பர் என்பார்கள். உள்ளே 0.6 கன சென்டிமீட்டர் காற்று. கதிர் பட்டால் அந்தக் காற்று அயனியாகும். எழும் மின்னூட்டத்தை எலெக்ட்ரோமீட்டர் நானோகூலும் கணக்கில் காட்டும். மனிதத் தசை ஏறத்தாழத் தண்ணீர் போலவே கதிரை உறிஞ்சுவதால், நோயாளிக்குப் பதிலாக ஒவ்வொரு பக்கமும் 30 சென்டிமீட்டர் கொண்ட தண்ணீர்த் தொட்டி. தொட்டியில் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் சேம்பரை நிறுத்தி, இயந்திரத்தை ஓட விட்டு எண்ணைக் குறிக்க வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை 2000-இல் வெளியிட்ட டி.ஆர்.எஸ்.-398 என்ற வழிமுறை நூல்தான் இதற்குக் கைவிளக்கு.

சிக்கல் அந்த 0.6 கன சென்டிமீட்டர் காற்றில் இருக்கிறது. சேம்பர் வெளிக்காற்றோடு தொடர்புடையது. அறை சூடானால் உள்ளே காற்றின் அடர்த்தி குறையும், அயனிகளும் குறையும். வெப்பநிலை 3 டிகிரி மாறினால் அளவு ஒரு சதவீதம் நழுவும். குழாயிலிருந்து தொட்டியை நிரப்பிய கையோடு அளந்தால் தண்ணீரின் வெப்பம் ஒன்று, சுவரில் தொங்கும் தெர்மாமீட்டர் காட்டுவது வேறொன்று. தண்ணீர் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும், தெர்மாமீட்டரையும் தண்ணீரிலேயே வைக்க வேண்டும். காற்றழுத்தத்துக்கும் இதே கதை. கடல் மட்டத்தில் உள்ள சென்னையில் இந்தத் திருத்தம் சின்னது. அதே சேம்பரை 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்துக்கு எடுத்துச் சென்றால், அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. சேம்பர் காட்டும் எண்ணும் அந்த அளவுக்குக் குறையும். இயந்திரத்தில் ஒரு குறையும் இருக்காது. திருத்தக் காரணியைப் போட மறந்தவர் இயந்திரம் குறைவாகத் தருகிறது என்று நினைத்து அதைக் கூட்டி வைப்பார். அன்றிலிருந்து ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்றில் ஒரு பங்கு வரை அதிகமாகப் போகும். பி.எஸ்சி. முதல் ஆண்டில் படித்த வாயு விதி இங்கே ஓர் உயிரின் மேல் வந்து நிற்கிறது.

அளவியலுக்கு அடுத்து கதிர் உயிரியல். தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமாகத் தரும் 70 கிரேயை ஒரே நாளில் தராமல், நாளுக்கு 2 கிரே வீதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம் பிரித்துத் தருவது ஏன் என்ற கேள்விக்கு இந்தப் பாடம் பதில் சொல்கிறது. இரண்டு தவணைகளுக்கு நடுவில் நலமான செல்கள் தங்கள் சேதத்தைப் பழுது பார்த்துக்கொள்கின்றன; புற்றுச் செல்களால் அந்த அளவுக்கு முடிவதில்லை. கட்டிக்குள் ஆக்சிஜன் குறைவான பகுதிகள் கதிருக்கு எளிதில் மடங்காதவை. தவணைகளின் நடுவே அவற்றுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேரும். ஆக்சிஜனின் இந்தப் பங்கை ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் லூயிஸ் ஹெரால்டு கிரே என்ற ஆங்கில இயற்பியலாளர். அலகுக்கு வைத்திருப்பது அவர் பெயரைத்தான். இந்தப் பாடம் ஏட்டோடு நிற்பதில்லை. தீபாவளி விடுமுறையிலோ இயந்திரப் பழுதாலோ நான்கு நாள் சிகிச்சை தடைபட்டால் கட்டி அந்த இடைவெளியில் மீண்டும் வளரத் தொடங்கும். அதை எப்படி ஈடுகட்டுவது என்று மருத்துவர் கேட்பது பிசிசிஸ்டிடம்.

படம் எடுக்கும் இயந்திரங்களான எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் எல்லாம் பாடத்தில் உண்டு. இவற்றில் எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும் அயனியாக்கும் கதிர் இல்லாதவை. இந்தியாவில் பிசிசிஸ்டுகள் பெரும்பாலும் கதிர் சிகிச்சைப் பிரிவில்தான் வேலை பார்க்கிறார்கள் என்பதால் இந்தப் பகுதிக்கு வகுப்பிலும் கொஞ்சம் ஓரவஞ்சனை நடக்கிறது. நியாயப்படி பார்த்தால் கதிர் சிகிச்சைக்கு வருபவர்களைவிட சி.டி. எடுக்க வருபவர்கள் பல மடங்கு அதிகம். அங்கேயும் அளவைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.

அணுக்கரு மருத்துவம் காலத்தோடு ஓடும் துறை. டெக்னீசியம்-99எம் ஐசோடோப்பின் அரை ஆயுள் 6 மணி நேரம். மாலிப்டினம் அடங்கிய ஜெனரேட்டரிலிருந்து தினமும் காலையில் அதைப் பிரித்தெடுப்பதை இந்தத் துறையினரே ‘பால் கறப்பது’ என்றுதான் சொல்கிறார்கள். பெட் ஸ்கேனுக்கான ஃபுளூரின்-18 இன்னும் வேகமாகக் கரையும். 110 நிமிடத்தில் பாதி. தைராய்டு புற்றுநோய்க்குத் தரும் அயோடின்-131-க்கு அரை ஆயுள் 8 நாள். அதை உட்கொண்ட நோயாளியைத் தனி அறையில் வைத்து, அவருடைய கழிவுநீரைச் சாக்கடையில் விடாமல் தொட்டியில் தேக்கி, கதிரியக்கம் தணிந்த பிறகே வெளியேற்ற வேண்டும். எத்தனை நோயாளிக்கு எத்தனை லிட்டர் தொட்டி என்று கணக்குப் போடுவதும் பிசிசிஸ்ட் வேலைதான். பாடப்புத்தகத்தின் அடுக்குக்குறிச் சமன்பாடு இங்கே கழிவுநீர்த் தொட்டியின் அளவாகிறது.

கதிர் சிகிச்சையில் மூன்று வகை இயந்திரங்களை மாணவர் கற்க வேண்டும். கோபால்ட் இயந்திரத்தில் கதிரியக்கப் பொருள் எப்போதும் உள்ளே இருக்கும். அரை ஆயுள் 5.27 ஆண்டு என்பதால் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் அதன் வலு குறையும். சிகிச்சை நேரத்தை அதற்கேற்ப நீட்டிக்கொண்டே போக வேண்டும். பாபா மையம் உருவாக்கிய பாபாட்ரான் இந்த வகையைச் சேர்ந்த இந்தியத் தயாரிப்பு. இரண்டாவது லீனாக் எனப்படும் நேரியல் முடுக்கி. எலெக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்துக்கு முடுக்கி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டுக் கதிர் எடுக்கிறது. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும். மூன்றாவது, கதிர்மூலத்தை உடலுக்குள்ளேயே கட்டியின் அருகில் கொண்டு வைக்கும் பிராக்கிதெரபி. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இன்றும் இதைத் தவிர்க்க முடியாது. இவை தவிர சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை மையம் ஒன்று இயங்குகிறது. புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருக்கும் உறுப்பு தப்பும்.

இரண்டாம் ஆண்டில் மாணவர்கள் மருத்துவமனைக்குப் போகத் தொடங்குகிறார்கள். அங்கே ஒரு சிகிச்சைத் திட்டம் உருவாகும் விதத்தைப் பார்த்தால் இந்த வேலையின் முகம் தெரியும். வாய்ப் புற்றுநோயாளி ஒருவர் வருகிறார். வெந்நீரில் நனைத்து மென்மையாக்கிய பிளாஸ்டிக் வலையை அவர் முகத்தில் படிய வைத்து மாஸ்க் செய்கிறார்கள். ஏழு வாரமும் தலை ஒரே இடத்தில் இருக்க வேண்டுமே. மாஸ்க்கோடு சி.டி. எடுக்கிறார்கள். கட்டியையும் காக்க வேண்டிய உறுப்புகளையும் மருத்துவர் படத்தில் வரைந்து தருகிறார். கட்டிக்கு 70 கிரே போக வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் தண்டுவடம் 45 கிரேயைத் தாண்டக் கூடாது. உமிழ்நீர்ச் சுரப்பிக்கு சராசரி 26 கிரேக்குள் நின்றால் நோயாளிக்குப் பிற்காலத்தில் வாய் வறண்டு போகாது. எல்லாமும் ஒன்றாக நடக்காது. பிசிசிஸ்ட் கணினியில் கற்றையின் கோணங்களை மாற்றி, கதிரை வடிவமைக்கும் உலோக இலைகளின் நகர்வை மாற்றித் திட்டத்தைப் போடுகிறார், திருத்துகிறார், மீண்டும் போடுகிறார். கட்டி தண்டுவடத்தை ஒட்டி இருந்தால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். எதை என்பதை மருத்துவரோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும். நல்ல பிசிசிஸ்டையும் வெறும் மென்பொருள் தெரிந்தவரையும் பிரிப்பது இந்த உரையாடல்தான்.

திட்டம் முடிந்ததும் உடனே சிகிச்சை கிடையாது. நோயாளி இல்லாமல் அதே திட்டத்தை ஓர் அளவீட்டுத் தட்டின் மேல் ஓடவிட்டு, கணினி சொன்னதும் இயந்திரம் தந்ததும் சில சதவீதத்துக்குள், சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்னால் இயந்திரம் தரும் கதிர் 3 சதவீதத்துக்குள் நிற்கிறதா, சுவர் லேசர்கள் 2 மில்லிமீட்டருக்குள் சந்திக்கின்றனவா என்று சோதித்தாக வேண்டும். விரிவான சோதனைகளுக்கு நோயாளிகள் போன பிறகுதான் இயந்திரம் கிடைக்கும். எனவே மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வைத்து வேலை தொடங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். படிப்பு விவரக் கையேடுகளில் இதை எழுதுவதில்லை.

இத்தனை சோதனைகளும் ஏன் என்பதற்கு 1996-இல் கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசே நகரில் நடந்ததை வகுப்பில் சொல்வார்கள். ஒரு மருத்துவமனையில் கோபால்ட் மூலத்தை மாற்றினார்கள். புது மூலத்தை அளந்தபோது, இயந்திரத்தின் கடிகாரத்தில் இருந்த 0.3 நிமிடத்தை 30 விநாடி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உண்மையில் அது 18 விநாடி. மூலம் வலுக் குறைந்தது என்று கணக்கில் பதிவானதால் சிகிச்சை நேரம் கூடிப்போனது; நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மிகை அளவு கதிர் இறங்கியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. சிக்கலான இயற்பியல் எதுவும் அங்கே தவறவில்லை, தவறியது தசமப் புள்ளி ஒன்றைப் படித்த விதம். இன்னொருவர் தனியாக ஒருமுறை அளந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்க்காமல் நோயாளி மேல் கதிர் படக் கூடாது என்ற விதி மருத்துவமனைகளில் இறுகியதற்குப் பின்னால் இத்தகைய விபத்துகள் இருக்கின்றன.

கதிர்ப் பாதுகாப்பு இந்தப் படிப்பின் மற்றொரு தூண். தொடக்க காலத்தில் இது யாருக்கும் தெரியாது. தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ் கதிர்க் குழாய்களைத் தன் கையாலேயே சோதித்துப் புற்றுநோய் வந்து 1904-இல் இறந்தார். இன்று இந்தியாவில் கதிர்ப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (பாதுகாப்புக் கணக்கில் கதிர் அளவின் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்று வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. இந்த வரம்பில் சேராத இயற்கைக் கதிர்வீச்சே உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் வருகிறது. மோனசைட் மணல் கிடக்கும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை போன்ற இடங்களில் இன்னும் அதிகம். பணியாளர் நெஞ்சில் குத்தியிருக்கும் டி.எல்.டி. பேட்ஜுக்குள் கால்சியம் சல்ஃபேட் கலந்த மூன்று சிறு வட்டத் தகடுகள் இருக்கும். ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. மூன்றையும் ஒப்பிட்டுத்தான் பட்டது எந்த வகைக் கதிர் என்று பிரிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ் ஆய்வகத்துக்குப் போய் எண்ணோடு திரும்பும். கதிருக்கு நடுவே வேலை என்று வீட்டில் பயப்படுவார்கள். முறையாக நடக்கும் கதிர் சிகிச்சைப் பிரிவில் பிசிசிஸ்டின் பேட்ஜ் காட்டும் அளவு வரம்புக்கு வெகு கீழேதான் இருக்கும்.

அறையைக் கட்டுவதற்கும் கணக்கு உண்டு. 6 எம்.வி. லீனாக் கதிர் பத்தில் ஒரு பங்காகக் குறைய ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் கான்கிரீட் வேண்டும். நேர்க்கற்றை படும் சுவர் இரண்டு மீட்டர் அளவுக்குப் பருப்பது இதனால்தான். சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருப்போர் அறையா, தோட்டமா என்பதைப் பொறுத்துத் தடிமன் மாறும். வரைபடத்துக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒப்புதல் தர வேண்டும். 1983-இல் அமைந்த இந்த வாரியத்தின் அனுமதி இல்லாமல் கதிர் சிகிச்சை இயந்திரம் எதையும் இயக்க முடியாது. பயன்பாடு முடிந்த கதிர்மூலத்தைத் திருப்பி ஒப்படைப்பது வரை கண்காணிப்பு உண்டு. அது தவறினால் என்ன ஆகும் என்பதை 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரி காட்டியது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலிருந்து பழைய சாமான்களோடு ஏலத்தில் போன கோபால்ட்-60 கருவியை, என்னவென்று தெரியாமல் பழைய இரும்புக் கடையில் பிரித்துப்போட்டார்கள். ஒருவர் இறந்தார், மேலும் பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள்.

பட்டம் வாங்கியதும் ஒருவர் பிசிசிஸ்ட் ஆகிவிடுவதில்லை. முழு வசதியுள்ள கதிர் சிகிச்சைப் பிரிவில் 12 மாதம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். அதற்குமேல் கதிர்ப் பாதுகாப்பு அலுவலர் தேர்வு, ஆர்.எஸ்.ஓ. என்பார்கள். அதில் தேறி, வாரியத்தின் ஒப்புதலோடு ஒரு நிறுவனத்துக்கு நியமனம் பெற்றவர்தான் அங்கே கதிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர். மொத்தத்தில் பி.எஸ்சி. முடித்தபின் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் ஆகும். இன்டர்ன்ஷிப் காலத்தில் உதவித்தொகை மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். சில இடங்களில் மிகச் சொற்பம். குடும்பம் கடன் வாங்கிப் படிக்கவைக்கும் மாணவர் இதைச் சேரும் முன்பே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேலை பெரும்பாலும் அரசு, தனியார் புற்றுநோய் மையங்களில் கிடைக்கிறது. இயந்திரம் தயாரிக்கும் நிறுவனங்கள், ஆராய்ச்சி, ஒழுங்குமுறைப் பணி, கல்லூரி ஆசிரியப் பணி ஆகியவையும் உண்டு. வெளிநாடு போகிறவர்களுக்கு இந்தியப் பட்டம் மட்டும் போதாது. அமெரிக்காவில் சான்றிதழ்த் தேர்வு எழுத அங்கே அங்கீகாரம் பெற்ற ரெசிடென்சி பயிற்சி கட்டாயம். பிரிட்டனில் கிளினிக்கல் சயன்டிஸ்ட் என்று பதிவு செய்தாக வேண்டும். உள்நாட்டில் இருக்கும் குறை வேறு. பல மருத்துவமனைகளில் பிசிசிஸ்டை இயந்திரத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்களே ஒழிய, மருத்துவக் குழுவில் ஒருவராகப் பார்ப்பதில்லை. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று இயந்திரங்களை ஒப்படைத்துவிட்டுத் தரச்சோதனையும் பிழையில்லாமல் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நோயாளிக்கே ஆபத்து.

சேர விரும்புகிறவர்கள் விண்ணப்பம் போடும் முன் மூன்றை விசாரிக்க வேண்டும். அந்தப் படிப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கும் தகுதிகளில் வருகிறதா. வாரியத்தின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். மாணவர்கள் கையால் அளந்து பழக எந்த மருத்துவமனை, எந்த இயந்திரம், வாரத்தில் எத்தனை நாள். முந்தைய ஆண்டு மாணவர்கள் இன்டர்ன்ஷிப்பை எங்கே முடித்தார்கள். மூன்றாவது கேள்விக்குக் கல்லூரி அலுவலகத்தின் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், படித்து முடித்த மாணவர்களையே தேடிப்பிடித்துக் கேட்பது நல்லது.